உசிரு இருக்கு என்று சொன்னவர்

எனக்கு எழுத வராது. அஞ்சாம் வகுப்போடு பள்ளிக்கூடம் நின்றுபோனது. அதற்குப் பிறகு கையெழுத்துப் போடுவதோடு சரி. எழுத்து கோணல்மாணலாக இருக்கும், ஒற்று விட்டுப்போகும். சொல்ல வந்ததை விட்டுவிட்டு வேறு எதையாவது சொல்லிக்கொண்டிருப்பேன். வயசும் ஆகிவிட்டது. எது முன்னால் நடந்தது, எது பின்னால் நடந்தது என்று எனக்கே குழம்பும். படிக்கிறவர்கள் கோபித்துக்கொள்ளக் கூடாது. நாலு பேர் இருக்கிற இடத்தில் வாய் திறக்கத் தெரியாதவள் நான். பேச முடியாததால்தான் எழுதுகிறேன்.

அவர் பெயரை எழுதப்போவதில்லை. எழுதினால் அவர் பிள்ளைகளுக்குச் சங்கடம். எங்கள் தெருவில் யாரும் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதும் இல்லை. லைன்மேன் என்றால் அவர் ஒருவர்தான்.

அருப்புக்கோட்டையில் பாளையம்பட்டி போகிற ரோட்டில் எங்களுக்கு ஒரு இட்லிக்கடை இருந்தது. கரண்டு ஆபீஸ் பக்கம்தான். நான் உள்ளே அடுப்படியில் இருப்பேன். என் வீட்டுக்காரர் வெளியே பரிமாறுவார். அடுப்படிக்கும் கடைக்கும் நடுவே ஒரு சாக்குப் படுதா தொங்கும். அதில் ஒரு கிழிசல். நான் ஆட்களைப் பார்த்ததெல்லாம் அந்தக் கிழிசல் வழியாகத்தான். அப்படித்தான் அவரையும் பார்த்தேன்.

வந்து உட்கார்ந்தார். என் வீட்டுக்காரர் டீ வைத்தார். டம்ளரைச் சட்டென்று எடுக்கவில்லை. வலது கையைத் திருப்பி, விரல்களை மடக்கி, புறங்கையால் டம்ளரை ஒரு தட்டுத் தட்டினார். அப்புறம்தான் எடுத்தார். இட்லித் தட்டையும் அப்படித்தான். தண்ணீர்ச் செம்பையும் அப்படித்தான். எனக்கு மனசு சுருங்கிப்போனது. பாத்திரம் சுத்தமாக இல்லையோ, சந்தேகப்படுகிறாரோ என்று நினைத்தேன். நாள் தவறாமல் இதைப் பார்த்து என் வீட்டுக்காரருக்குப் பொறுக்கவில்லை.

"ஏன்யா லைன்மேனு, எம் பொண்டாட்டி போட்ட டீ என்ன ஷாக்கா அடிக்குது?"

கடையே சிரித்தது. அவரும் சிரித்தார். "பழக்கமாயிருச்சுண்ணே. உள்ளங்கைய வச்சுத் தொட்டோம்னு வைங்க, கரண்டு இருந்தா கை தன்னால மூடிக்கிரும். அப்பறம் விடாது. புறங்கைன்னா தள்ளி விட்டுரும். பொழச்சுக்கலாம். மரத்த, சுவத்த, கேட்ட, எதத் தொட்டாலும் மொதல்ல புறங்கைதான் போகுது."

"அப்ப பிள்ளைகளத் தூக்குறப்ப?"

"அதுகளயுந்தான்" என்றார். அப்போது அவர் சிரிக்கவில்லை.

அவருடைய சம்சாரம் எங்களிடம்தான் மாவு வாங்கும். கலகலப்பான மனுஷி. ஒருநாள் படுதாவை விலக்கிக்கொண்டு அடுப்படிக்கே வந்து உட்கார்ந்து, முட்டியைக் கட்டிக்கொண்டு சொன்னது: "மதினி, ஒங்ககிட்டச் சொல்றதுக்கென்ன. காய்ச்சல்ல கெடக்கேன்னு நெத்தியத் தொட்டுப் பாப்பாக பாருங்க, கம்பத்துல தொங்குற ஒயரத் தொடுற மாதிரியே தொடுவாக. நா என்ன டிரான்ஸ்பார்மரா?" சிரித்துக்கொண்டேதான் சொன்னது. போகும்போது மாவுத் தூக்கை எடுக்க மறந்து போய்விட்டது.

புறங்கை ஒன்று. இன்னொன்று அவர் பேச்சு. ஆபீஸில் மற்றவர்கள் சப்ளை இருக்கு, சப்ளை இல்லை என்பார்கள். இவர் அப்படிச் சொல்லமாட்டார். கம்பியில் கரண்டு இருந்தால் "உசிரு இருக்கு" என்பார். இல்லாவிட்டால் "செத்துருச்சு". வேலை முடிந்து கீழே இறங்கி, "உசிரு குடுத்தாச்சு, போட்டுப் பாருங்க" என்பார். எங்கள் தெருப் பிள்ளைகளுக்கு அது பிடித்துக்கொண்டது. மற்ற தெருக்களில் கரண்டு வந்தால் "கரண்டு வந்துருச்சு" என்று கத்துவார்கள். எங்கள் தெருவில் மட்டும் பிள்ளைகள் வாசலுக்கு ஓடிவந்து, "உசிரு வந்துருச்சு! உசிரு வந்துருச்சு!" என்று குதிக்கும். வெளியூரிலிருந்து வந்தவர்கள் பயந்துபோய் எட்டிப்பார்ப்பார்கள். எங்களுக்குச் சிரிப்பாக இருக்கும்.

சிரிப்பு நின்றுபோனது எப்போது என்றால், தெருக்கோடியில் ஒரு பெரியவர் விழுந்துவிட்ட அன்றைக்கு. வீட்டில் எல்லாம் முடிந்துவிட்டது என்று நடு வீட்டில் கிடத்தி, கால் கட்டை விரல்களைக் கட்டிவிட்டார்கள். பொம்பளைகள் அழ ஆரம்பித்தாயிற்று. நானும் போயிருந்தேன். அந்த வழியாக வந்த லைன்மேன் அழுகைச் சத்தம் கேட்டு உள்ளே வந்தார். மாலை மரியாதை ஒன்றும் இல்லை. குனிந்து, பெரியவர் கழுத்தோரம் புறங்கையை வைத்தார். வைத்தபடியே கண்ணை மூடிக்கொண்டு நின்றார்.

"கட்ட அவுத்து விடுங்க. இன்னும் உசிரு இருக்கு" என்றார்.

பெரியவர் பொங்கல் வரைக்கும் இருந்தார். கஞ்சி குடித்தார், மருமகளை வைதார்.

நல்ல காரியம்தான். ஆனால் அதற்குப் பிறகு சனங்கள் அவரைப் பார்க்கிற பார்வை மாறிப்போனது. நோயாளி கிடக்கிற வீட்டில் சிலர் அவரைக் கூப்பிட்டு விடுவார்கள். சிலர் அவர் தெருவில் வந்தாலே கதவைச் சாத்துவார்கள். அவர் தொட்டுப் பார்த்து "போயிருச்சு" என்று சொல்லிவிட்டால் என்ன செய்வது என்ற பயம். அவருக்கு அது தெரியும். தலையைக் குனிந்துகொண்டு சைக்கிளை உருட்டிக்கொண்டு போவார். ஆனால் அந்தக் கையை அடக்கத்தான் அவரால் முடியவில்லை.

இதையெல்லாம் எதற்குச் சொல்கிறேன் என்றால், எங்கள் தெருவில் அவர் வாயிலிருந்து அந்த வார்த்தை வந்தால் அதற்கு ஒரு மதிப்பு இருந்தது. அதைத் தெரிந்துகொண்டால்தான் சம்சாத்துக்கு நடந்தது புரியும்.

சம்சாத்து எங்களுக்குப் பக்கத்து வீட்டுக்கு அடுத்த வீடு. அவள் மாப்பிள்ளை காதர் சவுதியில் இருந்துவிட்டு வந்து செருப்புக்கடை வைத்திருந்தார். வீட்டை ஒட்டிக் கிடந்த காலி இடத்தில் தகரக் கொட்டகை போட்டு ஆடு வளர்த்தார். அந்த ஆடுகளிடம் அரபியில் பேசுவார். "என்கிட்டத் தமிழ்லகூடப் பேசுறதில்ல" என்று சம்சாத்து சொல்லுவாள்.

எங்கள் பக்கம் புயல் என்றால் டி.வி.யில் பார்ப்பதுதான். அது கடலோரத்துக்காரர்கள் பாடு. மழைக்கு வானத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிற கரிசல் பூமி இது. அந்தக் கார்த்திகையில் புயல் உள்ளே வரும் என்று சொன்னபோது கடையில் சந்தோஷம்தான் பட்டார்கள். "வரட்டும்யா, அப்பிடியாவது கண்மாய் நெறையட்டும்" என்றார்கள்.

வந்தது. மத்தியானத்திலிருந்தே காற்று ஒரு மாதிரி இருந்தது. பொழுது சாய்கிற நேரத்தில் முனிசிபாலிட்டி ஆட்டோ மைக் கட்டிக்கொண்டு வந்தது. ஓட்டு வீடு, தகர வீடு, ஊருணிக்கரை வீடுகளில் இருக்கிறவர்கள் எல்லாம் கல்யாண மண்டபத்துக்குப் போகச் சொன்னார்கள். ஊர் முழுக்கக் கரண்டை நிறுத்திவிடுவதாகவும் சொன்னார்கள். அப்படியே நிறுத்தினார்கள். சம்சாத்து போகலாம் என்றாளாம். காதர்தான் ஆட்டை விட்டுவிட்டு வரமாட்டேன் என்றாராம்.

அந்த இராத்திரியைப் பற்றி எழுத ஒன்றும் இல்லை. எல்லார் வீட்டிலும் ஒரே மாதிரிதான். கதவைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம்.

விடிந்தது. விடிந்து பார்த்தால் எங்கள் ஊர் இல்லை அது. எங்கள் ஊருக்கு ஒரு சத்தம் உண்டு. தறிச் சத்தம், மோட்டார்ச் சத்தம், பஸ்ஸு, பாங்கு, கோவில் பாட்டு. காது கேட்கிற நாளிலிருந்து அது ஓடிக்கொண்டே இருப்பதால் அப்படி ஒரு சத்தம் இருப்பதே தெரியாது. அன்று அது இல்லை. காற்று விட்டுவிட்டு வீசியது. வீசாத நேரத்தில், காதை யாரோ பஞ்சால் அடைத்த மாதிரி இருந்தது. காக்கா கூட இல்லை. ஒரு பிளெக்ஸ் போர்டு வந்து எங்கள் வாசலில் மல்லாந்து கிடந்தது. அதில் யாரோ ஒருவர் கைகூப்பிச் சிரித்துக்கொண்டிருந்தார். வயிற்றில் மழைத் தண்ணீர் தேங்கியிருந்தது.

சம்சாத்து கத்துவது கேட்டது. ஓடினோம்.

வேப்பமரம் வேரோடு சாய்ந்து, கம்பத்துக் கம்பியை இழுத்துக்கொண்டு தகரக் கொட்டகை மேல் கிடந்தது. கொட்டகை அமுங்கிக் கிடந்தது. விடியக்காலையில் ஆட்டைப் பார்க்கப் போன காதர் அதற்கு அடியில். அவர் கால் மட்டும் வெளியே தெரிந்தது. ஒரு காலில் செருப்பு இருந்தது. ஆடுகள் ஒன்றுகூடக் கத்தவில்லை.

அப்போது ஒரு சத்தம் கேட்டது. தகரத்துக்கு அடியிலிருந்து. ம்ம்ம் என்று. வாயை மூடிக்கொண்டு ஒரு மனுஷன் வலியில் முனகுவது போல. காற்று வீசினால் கேட்காது. காற்று நின்றால் கேட்கும்.

"இருக்காரு, இருக்காரு! தகரத்தப் புடிங்கடா!" என்று தெருப் பையன்கள் ஓடினார்கள்.

"நில்லுங்கடா!" என்று தெரு முக்கிலிருந்து ஒரு கூப்பாடு. லைன்மேன். தோளில் கயிறு, தலையில் மஞ்சள் தொப்பி. விடிந்ததும் தெருத்தெருவாகக் கம்பியைப் பார்த்துக்கொண்டு நடந்து வந்திருக்கிறார். "ஒருத்தனும் கிட்டப் போகக் கூடாது!"

எதிர்வீட்டு செல்வம் அப்போது காலேஜு முடித்துவிட்டு வீட்டில் இருந்தான். அவனுக்கு ஆத்திரம். "ஊருக்கே கரண்டு இல்ல. நேத்தே நிறுத்திட்டாக. இந்த ஒத்தக் கம்பிக்கு மட்டும் எங்கருந்துய்யா வரும்? தள்ளுய்யா!"

கொட்டகையை ஒட்டி ஒரு கம்பிவேலி இருந்தது. தகரம் அதன்மேல் சாய்ந்திருந்தது. அவர் குத்தவைத்து, கையைத் திருப்பி, புறங்கையை வேலியிடம் கொண்டுபோனார். பட்டதா படவில்லையா என்றே தெரியவில்லை. கையைத் தூக்கி எறிந்தது. ஆள் சேற்றில் மல்லாந்து விழுந்தார். செல்வம் பின்வாங்கினான்.

அவர் எழுந்து இரண்டு கையையும் விரித்துக்கொண்டு நின்றார். காற்று மறுபடி எழும்பியது. அதில் அவர் கத்தினார். முழுசாக என்ன கத்தினார் என்று எனக்குத் தெரியாது. எங்களுக்குக் கேட்டது இவ்வளவுதான்.

"உசிரு இருக்கு! உசிரு இருக்கு!"

சம்சாத்தை நான்தான் பிடித்திருந்தேன். அவள் என் முகத்தைப் பார்த்தாள். அந்த முகத்தை என்னால் எழுத முடியாது. "கேட்டீகளாக்கா? உசிரு இருக்காம்! லைன்மேனே சொல்லிட்டாரு!" என்று என் கையை உதறிவிட்டு ஓடினாள்.

கம்பியைத்தான் சொல்கிறார் என்று அவளுக்குத் தெரியாதா? எங்களைப் போலவே அவளும் அந்தப் பேச்சைக் கேட்டுச் சிரித்தவள்தான். ஆனால் அந்த நேரத்தில், மாப்பிள்ளை கால் மட்டும் தெரிகிற நேரத்தில், வேறு எப்படிக் கேட்கும்?

அவர் அவளை மறித்தார். "வராத தாயி! வராத!" என் வீட்டுக்காரர் ஓடிப்போய்ப் பிடித்துக்கொண்டார். அவள் அவரை அடித்தாள், கடித்தாள். "உசிரு இருக்குங்கறீக, போகவும் விடமாட்டேங்கறீகளே! நீங்க மனுசருதானா?"

லைன்மேன் செல்வத்திடம், மண்டபத்துக்கு ஓடு, ஜெனரேட்டரை நிறுத்தச் சொல்லு என்றார். சனங்களுக்காக மண்டபத்தில் ஜெனரேட்டர் ஓடியது. அதிலிருந்துதான் கரண்டு திரும்பி லைனில் ஏறியது என்று பிற்பாடு பேசிக்கொண்டார்கள். இல்லவே இல்லை, மெயின் லைனைப் பிரித்துத்தான் வைத்திருந்தோம் என்று மண்டபத்துக்காரர்கள் சத்தியம் செய்தார்கள். எதுவோ. செத்துக் கிடந்த ஊரில் அந்த ஒரு கம்பிக்கு மட்டும் உயிர் இருந்தது. அவர் கை எறிபட்டதை நாங்கள் எல்லாரும் பார்த்தோம்.

செல்வம் வரும்வரை அவர் காத்திருக்கவில்லை. கையுறையை மாட்டிக்கொண்டு, சாய்ந்து நின்ற அந்தக் கம்பத்தில் ஏறினார். கம்பம் ஆடியது. ஏற எவ்வளவு நேரம் ஆனது என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியவில்லை. ரொம்ப நேரம் போல இருந்தது. மேலே போய்க் கம்பியை வெட்டினார். வெட்டிய கம்பி வந்து மண்ணில் விழுந்து சுருண்டது. மேலே இருந்தபடியே கத்தினார்.

"செத்துருச்சு! செத்துருச்சு, வாங்க!"

சம்சாத்து நின்ற இடத்திலேயே உட்கார்ந்துவிட்டாள்.

எல்லாரும் சேர்ந்து தகரத்தைத் தூக்கினார்கள். உள்ளே அந்தச் சத்தம் இல்லை. எப்போது நின்றது என்று நான் கவனிக்கவில்லை. காதர் முகத்தில் காயம் ஒன்றும் இல்லை. லைன்மேன் இறங்கி வந்தபோது வழி விட்டார்கள். குனிந்து, கழுத்தோரம் புறங்கையை வைத்தார். எல்லாரும் அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தோம். அன்று அவர் ஒன்றுமே சொல்லவில்லை. எழுந்து போய்விட்டார்.

காதரை அன்று சாயங்காலம் அஸர் தொழுகைக்குப் பிறகு அடக்கம் செய்தார்கள்.

அதற்கப்புறம் ஊர் எழுந்திருக்கிற வேலை. கோயமுத்தூர்ப் பக்கமிருந்து லாரி லாரியாகக் கம்பமும் ஆட்களும் வந்தார்கள். நாங்கள் விறகு அடுப்பில் பெரிய அண்டாவை ஏற்றி அவர்களுக்குச் சோறு ஆக்கினோம். பள்ளிக்கூடத்தில்தான் படுத்துக்கொண்டார்கள். "அம்மாங்க, சாம்பாரு கொஞ்சம் கொடுங்க" என்று மரியாதையாகக் கேட்பார்கள். "நீங்க என்னய்யா மழையிலயும் வாங்க போங்கன்னே பேசுறீக?" என்று என் வீட்டுக்காரர் கிண்டல் பண்ணுவார். தண்ணீர் லாரி வந்தால் குடத்தோடு அடிதடி. செல்போனுக்குச் சார்ஜ் ஏற்ற ஆஸ்பத்திரி வாசலில் வரிசை. ஒவ்வொரு தெருவாகத்தான் கரண்டு வந்தது. வராத தெருக்காரர்கள் மறியல். "ஏலே, அந்தத் தெரு என்ன ஒங்க மாமனார் வீடா? எங்களுக்கு ஒயரு எட்டாதா?" என்று லைன்மேன் முகத்துக்கு நேரே கேட்டார்கள்.

அவர் தன் வேலையைப் பார்த்தார். முள்ளுக்காட்டுக்குள், வயலுக்குள், எங்கே கம்பி கிடந்தாலும் அங்கே இருந்தார். எங்கள் தெரு மிச்சம் இருந்தது. வேண்டுமென்றே கடைசிக்குத் தள்ளுகிறார் என்று பேசிக்கொண்டார்கள். எனக்கும் அப்படித்தான் பட்டது. அந்தக் கம்பத்தில் மறுபடி ஏற அவருக்கு மனசு வரவில்லை.

ஒருநாள் சாயங்காலம் ஏறினார். வெளிச்சம் இருக்கும்போதே வேலை முடிந்தது. கம்பத்தின் மேலே நின்றபடி கையைக் காட்டினார். வீடுகளில் பல்பு எரிந்தது, மிக்ஸி ஓடியது, எங்கேயோ டி.வி. அலறியது. இருட்டிலேயே கிடந்த பிள்ளைகளுக்கு எப்படி இருக்கும்? கதவைத் திறந்துகொண்டு தெருவுக்கு ஓடிவந்தன.

"உசிரு வந்துருச்சு! உசிரு வந்துருச்சு!"

சாத்தியிருந்த சம்சாத்து வீட்டுக்குள்ளிருந்து ஒரு குரல் வந்தது. "யாருக்கு? யாருக்கு வந்துச்சு?"

தெரு அப்படியே நின்றது. ஒரு பிள்ளையின் வாயை அதன் தாய் பொத்தினாள். நான் கம்பத்தைப் பார்த்தேன். அவர் இறங்கவில்லை. கம்பத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அங்கேயே நின்றார். இருட்டுகிற வரைக்கும் நின்றார். எங்கள் வீட்டு வெளிச்சம் அவர் கால் மேல் விழுந்தது.

அன்றிலிருந்து எங்கள் தெருவில் யாரும் அந்த வார்த்தையைச் சொல்வதில்லை. அவரும் வேலையில் அதைச் சொல்வதை விட்டுவிட்டார். மற்றவர்களைப் போலச் சப்ளை என்று சொல்லப் பழகினார். அது அவர் வாய்க்கு வரவில்லை. பாதியில் நின்று விழுங்குவார்.

சம்சாத்து இத்தாவில் இருந்தாள். மாப்பிள்ளை மவுத்தானால் அவர்கள் பெண்கள் மாதக்கணக்கில் வெளியே வரமாட்டார்கள், வெளி ஆம்பளைகள் முகம் பார்க்கமாட்டார்கள். நான் கஞ்சி கொண்டுபோய்க் கொடுப்பேன். அவள் தொடமாட்டாள். கண்ணுக்கு அடியில் கருத்துக் குழிந்துபோனது. ஒருநாள் என் முந்தானையைப் பிடித்துக்கொண்டாள்.

"அக்கா, அவரு கம்பியத்தான் சொன்னாருன்னு எல்லாரும் சொல்றாக. எனக்கும் தெரியுது. ஆனா கண்ண மூடுனா அவரு சொல்றதுதான் கேக்குது. மொதல்ல உசிரு இருக்குங்கறாரு. அப்பறம் செத்துருச்சுங்கறாரு. நடுவுல இவுக உள்ள கெடந்து, சம்சாத்து ஏன் வரலன்னு என்னயப் பாத்துக்கிட்டே கெடந்தாகளாக்கா? அது மட்டும் தெரிஞ்சா போதும். நா வெளிய வர ஏலாது. நீங்க கேட்டுச் சொல்லுங்க. அவரு வாயால சொல்லணும்."

என்னைப் போய்க் கேட்கச் சொல்கிறாள். படுதாவுக்குப் பின்னாலேயே காலம் தள்ளினவள் நான். பல நாள் அவர் வந்து சாப்பிட்டுப் போவதைக் கிழிசல் வழியாகப் பார்த்துக்கொண்டு பேசாமல் இருந்தேன். அவள் மெலிந்துகொண்டே போனாள். ஒருநாள் முற்பகல், கடையில் கூட்டம் இல்லாத நேரம், படுதாவை விலக்கிக்கொண்டு வெளியே வந்தேன். என் வீட்டுக்காரரே ஆச்சரியமாகப் பார்த்தார்.

"தம்பி, சம்சாத்து கேக்கச் சொன்னா" என்றேன். அவள் சொன்னதை அப்படியே சொன்னேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை.

அவர் பிட்ட இட்லியைத் தட்டிலேயே வைத்தார். அப்புறம் என்னைக் கேட்டார். "நீங்களும் அங்கதான நின்னீக. ஒங்களுக்கு என்ன கேட்டுச்சு?"

"முனகுற மாதிரி…"

"அது கம்பி" என்றார் உடனே. "ஈரத் தகரத்துல கெடந்தா அப்பிடித்தான் முனகும். நா வெட்டுனதும் நின்னுச்சுல்ல?"

எனக்கு நினைவில்லை. தலையை ஆட்டினேன். எந்தப் பக்கம் ஆட்டினேன் என்று இன்றைக்கும் தெரியாது.

"போயிச் சொல்லுங்க. கம்பிக்குத்தான் உசிரு இருந்துச்சு. அண்ணன் நா வாரதுக்கு முன்னயே போயிட்டாக. ஒண்ணுந் தெரிஞ்சிருக்காது, ஒரு நொடிதான்."

"தொட்டுப் பாத்தீகளா?"

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். "தொட்டுப் பாத்தேன்" என்றார். "கம்பத்துல ஏறுறதுக்கு முன்னாடியே. கால்ல."

எழுந்து கை கழுவப் போய்விட்டார்.

அவர் வந்ததிலிருந்து கம்பத்தில் ஏறும்வரை நான் அவர்மேல் வைத்த கண்ணை எடுக்கவில்லை. அவர் வேலிக்கு அந்தப் பக்கம் போகவே இல்லை. காற்று கண்ணில் மண்ணை வாரி அடித்தது உண்மைதான். சம்சாத்தைப் பிடித்து இழுத்துக்கொண்டும் இருந்தேன். அந்த இடையில் போயிருப்பாரோ? அப்படியும் இருக்கலாம். காலைத் தொட்டிருந்தால் அவரையும் அல்லவா அடித்திருக்கும்?

நான் போய்ச் சொன்னேன். தொட்டுப் பார்த்தாராம், முன்னாலேயே போயிட்டாகளாம், அந்தச் சத்தம் கம்பிச் சத்தமாம் என்று. சம்சாத்து ரொம்ப நேரம் அழுதாள். அப்புறம் கஞ்சியை எடுத்து முழுசும் குடித்தாள். குடித்துவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துத் தூங்கினாள். புயலுக்குப் பிறகு அவள் தூங்கி நான் பார்த்தது அன்றுதான்.

இத்தா முடிந்து வெளியே வந்த பிறகு ஒருநாள் அவரைத் தெருவில் பார்த்து, "அண்ணே, வீட்டுக்கு வந்து ஒரு வாய் டீ குடிச்சிட்டுப் போங்க" என்று கூப்பிட்டாளாம். அவர் கும்பிட்டுவிட்டு, வேலை இருக்கு தாயி என்று போய்விட்டாராம். அதிலிருந்து எங்கள் கடைக்கு வருவதும் குறைந்தது. வந்தாலும் படுதாப் பக்கம் முதுகைக் காட்டித்தான் உட்கார்வார். ரிட்டயர் ஆகி நரிக்குடிப் பக்கம் அவர் சொந்த ஊருக்குப் போனார். போன வருசம் இறந்துவிட்டதாகச் செய்தி வந்தது. என் வீட்டுக்காரரும் இப்போது இல்லை. செல்வம் வெளிநாட்டில் இருக்கிறான்.

சம்சாத்து நன்றாக இருக்கிறாள். மகளோடு இருக்கிறாள், பேரப்பிள்ளை பிறந்திருக்கிறது. என்னைப் பார்க்க வரும்போதெல்லாம், "அவரு சொன்னதாலதான்க்கா நா எந்திரிச்சேன்" என்பாள். நான் ம் கொட்டுவேன்.

நான் எழுதியதில் தப்பு இருக்கும். மாசம் மாறியிருக்கலாம், யார் எங்கே நின்றார்கள் என்பது மாறியிருக்கலாம். அதெல்லாம் இருக்கட்டும். கரண்டு வேலை தெரிந்தவர்கள் யாராவது இதைப் படித்தால் ஒரே ஒரு விவரத்தைச் சரிபார்த்துச் சொல்ல வேண்டும். ஈரத் தகரத்தில் விழுந்த கம்பி மனுஷன் மாதிரி முனகுமா? அன்று எங்கள் தெருவில் நின்றவர்கள் யாராவது படித்தால் அவர்களும் சொல்ல வேண்டும். அந்தச் சத்தம் கம்பியை வெட்டியதும் நின்றதா, அதற்கு முன்னாலேயே நின்றதா? சம்சாத்திடம் சொல்ல வேண்டாம். என்னிடம் மட்டும் சொன்னால் போதும்.